சங்கத்து ஐஸ் பெட்டி

அப்பா போன அன்று கத்திரி வெயில் உச்சத்தில் இருந்தது. காலையில் எழுந்து காபி கேட்டார். என் மனைவி கீதா காபி கொண்டு வருவதற்குள் போய்விட்டார். அவர் எதற்கும் காத்திருக்கிற ஆள் இல்லை. டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அந்தக் காபியை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் நானே குடித்துவிட்டேன். அழுகை வரவில்லை.

தங்கை சுபத்ரா மஸ்கட்டில் நர்ஸ். போனில் சொன்னதும், "நான் வர்ற வரைக்கும் வச்சிருங்கண்ணா. நைட் ஃபிளைட்டுதான் கிடைக்கும், காலைல வந்துடுவேன். முகத்தை மட்டும் ஒரு தடவை பாத்துடறேன்" என்றாள்.

"வச்சிருக்கோம்மா" என்றேன். அன்று எனக்கு இருந்த வேலை அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

பெரியப்பா கேட்டுப் பார்க்கச் சொன்னாரே என்று, வாடகைக்கு ஐஸ் பெட்டி கொடுக்கிறவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டேன். வெயிலில் எங்கள் வட்டாரத்துப் பெரியவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பிக்கொண்டிருந்த சமயம் அது. தாம்பரத்தில் பெட்டி இல்லை. பெருங்களத்தூரில் இல்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒருவர், "நாளைக்கு மத்தியானம் ஒண்ணு காலியாவும் சார், பேர் போட்டு வெக்கட்டுமா?" என்று கேட்டார். பரவாயில்லை என்று வைத்துவிட்டேன். நிஜமாகவே எனக்குக் கவலை இல்லை. எங்கள் பசுஞ்சோலை நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தில் சொந்தமாக ஒரு ஐஸ் பெட்டி இருக்கிறது. அது வந்ததே அப்பாவால்தான்.

2015 வெள்ளத்தில் முடிச்சூர் முழுகியபோது எங்கள் தெருவில் ஒருவர் இறந்துவிட்டார். தண்ணீர் வடிகிற வரைக்கும் அவரை மொட்டை மாடியில் ஒரு தார்ப்பாய்க்கு அடியில் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து அப்பா ஒவ்வொரு பொதுக்குழுவிலும் எழுந்து நின்று கத்தினார். அவர் வாயை அடைப்பதற்காகவே சங்கம் பெட்டியை வாங்கியது. கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று மறுபடி கத்தினார். போர் மோட்டாருக்கு இருந்த ஜெனரேட்டரிலிருந்து பெட்டிக்குத் தனியாக ஒரு லைன் இழுத்தார்கள். "சம்பந்தம் போனாலும் இதுலதான்டா படுப்பான்" என்று தன் பெயரையே சொல்லி, அந்தக் கண்ணாடி மூடியைத் தட்டித் தட்டிப் பேசுவார்.

போன வருஷம் வரைக்கும் யாராவது இறந்தால் வாட்ச்மேன் தீனாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அப்புறம் சங்கம் முன்னேறியது. ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். ரிப்பன் வெட்டி, தேங்காய் உடைத்து, திரைக்கு மூன்று இடத்தில் சந்தனம் வைத்து, நிர்வாகிகள் ஒருவருக்கொருவர் பொன்னாடை போட்டுக்கொண்டார்கள். அன்றிலிருந்து இறந்தவரின் பெயரைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அது ஒதுக்கீட்டு எண் என்று ஒன்று கொடுக்கும். எண்ணைக் காட்டினால்தான் பெட்டி அறையின் சாவி.

சங்கக் கட்டடம் எங்கள் தெருமுனையில். தீனா வாசலிலேயே நின்றிருந்தான்.

"பெரியவரு பூட்டாராமே சார். நல்ல மனுசன். பெட்டிய ஜன்னல் வழியா பாத்தேன், சும்மா ஜில்லுனு ஓடிகினு கீது. நம்பரு வாங்கிகினு வா, தூக்கிகினு போய்டலாம்."

உள்ளே மூன்று நிர்வாகிகளும் கம்ப்யூட்டர் முன்னால் கைகட்டி நின்றிருந்தார்கள். தலைவர் அசரியா சார் ஏதோ ஒரு துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். செயலாளர் அபிதகுஜாம்பாள் மேடம் முன்னாள் தலைமையாசிரியை. பொருளாளர் முனிரத்தினம் இந்த ஊர்க்காரர். எங்கள் வீடுகள் எல்லாம் அவர் நெல் விளைத்த நிலத்தில்தான் நிற்கின்றன. கம்ப்யூட்டரிலிருந்து ஆம்புலன்ஸ் மாதிரி ஒரு சத்தம் விட்டு விட்டு வந்தது. திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் ஒரு கேடயம். 'உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது. அணைக்காதீர்கள். உடனே தொடர்புகொள்ளுங்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே ஒரு போன் நம்பரும் கோப்பு எண்ணும் போட்டிருந்தது.

"கேள்விப்பட்டோம் மோகன்ராஜ், ரொம்ப வருத்தம்" என்றார் அசரியா சார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இங்கயும் நிலைமை சீரியஸ்."

எப்படி வந்தது என்பதை முனிரத்தினம் சொன்னார். "முட்டி வலிக்கு எண்ணெய்னு நெட்ல போட்ருந்தான்பா. அமுக்கினேன். எண்ணெய் வரல. 'உன் கம்ப்யூட்டர்ல வைரஸ் கீது, க்ளீன் பண்ணட்டுமா'ன்னு ஒரு பொட்டி வந்துச்சி. முன்ன பின்ன தெரியாதவன், நம்ம மேல அக்கறையா கேக்கறான். வாணாம்னு எப்டிப்பா சொல்றது? சரின்னு அமுக்கிட்டேன். அப்பறம் என்னத்தையோ எறக்கிக்கவான்னு கேட்டான். அதுக்கும் சரின்னேன். ஒரு கோடு ஓடிச்சி. ஓடி முடிச்சிட்டு, உள்ள நானூத்தி சொச்சம் வைரஸ் கீதுன்னு லிஸ்ட்டே குடுத்துட்டான். பாவம், அவன் சொல்லலன்னா நமக்குத் தெரிஞ்சிருக்குமா?"

அந்தப் பெட்டியை மூடினால் இரண்டு பெட்டி வந்ததாம். இரண்டையும் மூடினால் சத்தம் வர ஆரம்பித்ததாம்.

நான் வீட்டில் இருந்த கீதாவுக்குப் போன் செய்தேன். அவள் மறைமலை நகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறாள்.

"எங்க ஆபீஸ்லயும் ஒருத்தர் இப்படித்தான் மாட்டினாருங்க" என்றாள். "அது வைரஸைப் பிடிக்கிற புரோகிராம் இல்ல. அதுதான் வைரஸே. சும்மா பயமுறுத்தி காசு பிடுங்கும். நெட் ஒயரைக் கழட்டிட்டு ஆஃப் பண்ணச் சொல்லுங்க. இல்லன்னா கம்ப்யூட்டர் எக்கேடு கெட்டுப் போகட்டும், சாவியை வாங்கிட்டு வாங்க. இங்க இப்பவே ஃபேன் காத்து அனலா அடிக்குது."

அப்படியே அவர்களிடம் சொன்னேன். அசரியா சார் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார்.

"அந்த ரெண்டாவது வரியைப் படிங்க."

"அணைக்காதீர்கள்."

"இது எழுத்துல இருக்கு. கோப்பு எண் இருக்கு. உங்க மிஸஸ் சொல்றது வாய்மொழி. ரெண்டுல எதை நான் எடுத்துக்கறது? மோகன், என் சர்வீஸ்ல நான் வேலையே பண்ணாம இருந்த வருஷம் உண்டு. ஒரு நோட்டீசுக்குப் பதில் போடாம இருந்த நாள் கிடையாது."

திரையில் 'உங்கள் பிரச்சினையை எழுதுங்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. அவர் உட்கார்ந்து ஒரு விரலால் பதில் அடிக்க ஆரம்பித்தார். 'பார்வையில் காணும் தங்கள் எச்சரிக்கை கிடைக்கப்பெற்றது. இதன்பேரில் தக்க நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.' அபிதகுஜாம்பாள் மேடம் பின்னால் நின்று ஒற்றுப்பிழை திருத்தினார். 'பணிவுடன்' போதுமா, 'மிகுந்த பணிவுடன்' வேண்டுமா என்று ஒரு விவாதம் நடந்தது. 'மிகுந்த' ஜெயித்தது. அனுப்பிய மறுநொடி, 'நன்றி. உங்கள் பாதுகாப்பே எங்கள் அக்கறை. உடனே அழையுங்கள்' என்று பதில் வந்தது.

அசரியா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "ரோடு கேட்டு, லைட் கேட்டு எத்தனை ஆபீசுக்கு எழுதியிருப்போம். ஒருத்தனாவது நன்றின்னு போட்டானா?"

"மேடம், சாவி" என்றேன்.

"எண் இல்லாம சாவி கொடுத்தா ஆடிட்ல கேள்வி வரும்ப்பா" என்றார் அபிதகுஜாம்பாள் மேடம். "உங்க அப்பா மேல எனக்கு எவ்வளவு மரியாதை தெரியுமா? அவர் கொண்டுவந்த பெட்டி. அதுல அவரை விதியை மீறி வச்சா, அது அவருக்குப் பண்ற அவமரியாதை இல்லையா?"

யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதானே என்றுகூட ஒரு நிமிஷம் பட்டது. அன்று என் மூளை அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் போனேன். கீதா தாம்பரம் மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் பார் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். அப்பாவைச் சுற்றி அடுக்கினோம். கூடம் முழுக்க மீன் வாசனை. அவர் சுத்த சைவம். வந்தவர்கள் எல்லாரும் மாலையைப் போட்டுவிட்டு, "பெட்டி எங்க?" என்று கேட்டார்கள். "வருது" என்றேன். ஐஸ் உருகி வாசல் வரைக்கும் தண்ணீர் ஓடியது. ஒருமுறை அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். காலையில் இருந்த முகம் இல்லை. மறுபடி பார்க்கவில்லை.

மதியம் மறுபடி சங்கத்துக்குப் போனபோது அவசர நிர்வாகக் குழுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அசரியா சார் தலைமை, முனிரத்தினம் முன்னிலை, அபிதகுஜாம்பாள் மேடம் வரவேற்புரை. மூன்று பேர் கூட்டத்தில் யாரை வரவேற்கிறார் என்று பார்த்தேன். கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார். முதல் பொருள் கம்ப்யூட்டர். கடைசிப் பொருள் அப்பாவுக்கு இரங்கல். நேரம் போதாவிட்டால் இரங்கலை அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே தீர்மானித்திருந்தார்கள்.

திரையில் இருந்த நம்பருக்குப் பேசுவது என்று முடிவாயிற்று. ஸ்பீக்கரில் போட்டார்கள். எடுத்தவன் தன் பெயர் பீட்டர் என்றான். பேசிய ஆங்கிலம் வடக்கத்தி ஆங்கிலம். வார்த்தைக்கு வார்த்தை சார் போட்டான். ஏதோ ஒரு எண்ணைச் சொல்லி அடிக்கச் சொன்னான். அடித்ததும் திரையில் அம்புக்குறி தானாக நகர ஆரம்பித்தது. மூன்று பேரும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். முனிரத்தினம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாத்தியாப்பா, வூட்டுக்கு வராமயே வேல செய்றான். நம்ம ப்ளம்பரு பத்து தபா கூப்ட்டாலும் வர மாட்றான்."

பீட்டர் பணம் கேட்டான். சங்கத்தின் கார்டு நம்பரைக் கேட்டான். எந்த நிதியிலிருந்து கொடுப்பது என்று ஒரு சிக்கல். பொது நிதியில் ஒன்றும் இல்லை. கட்டட நிதியை எடுக்கப் பொதுக்குழு கூட வேண்டும். முனிரத்தினம் திடீரென்று முகம் மலர்ந்தார்.

"ஈமச்சடங்கு நிதி கீதே. உறுப்பினர் யாராச்சும் இறந்தா மட்டும்தான் அதத் தொறக்கலாம்னு ரூலு. இன்னிக்கித்தான் தொறக்கலாமே. சம்பந்தம் அண்ணன் எப்பவும் சங்கத்துக்கு ஒண்ணுன்னா மொத ஆளா நிப்பாரு. கடைசி வரைக்கும் நின்னுட்டாருப்பா."

எல்லாரும் நெகிழ்ந்தார்கள். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நானும் குலுக்கினேன். பணம் போயிற்று. சுத்தம் செய்யும் வேலை நாளைக் காலை வரைக்கும் உள்ளே நடந்துகொண்டே இருக்கும், அதுவரை அணைக்கக் கூடாது, இயந்திரம் சூடாகக் கூடாது, குளிர்ச்சியாக வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டு பீட்டர் போனை வைத்தான். ஏ.சி.யைப் பதினாறில் வைத்தார்கள். எனக்கு அங்கே ஜில்லென்று இருந்தது. அப்பா ஞாபகம் வந்தது. எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் கரண்ட் போயிற்று. கத்திரியில் எங்கள் பக்கம் அது வழக்கம்தான். கொஞ்ச நேரத்தில் தீனா போன் செய்தான்.

"சார், ரூமத் தொறந்து பெட்டிய வெளிய எடுத்துட்டாங்க. சீக்கிரம் வா சார்."

எண் வந்துவிட்டது என்று நினைத்தேன். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். பெட்டி சங்கத்து வராந்தாவில் இருந்தது. ஜெனரேட்டர் லைனில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே, கண்ணாடிக்கு அடியில், வெள்ளை விரிப்பின் மேல் கம்ப்யூட்டர் படுத்திருந்தது. திரையை நிமிர்த்தித் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். சி.பி.யு. நெஞ்சுப் பக்கம். கீபோர்டு காலடியில். கம்ப்யூட்டரின் யு.பி.எஸ்.ஸையும் பெட்டியின் லைனிலேயே செருகியிருந்தார்கள். சிவப்பு வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது. சத்தம் மட்டும் மூடிக்குள் அடங்கிப்போயிருந்தது.

"ஏ.சி.க்கு ஜெனரேட்டர் லைன் கிடையாதுப்பா" என்று அபிதகுஜாம்பாள் மேடம் விளக்கினார். "இந்தப் பெட்டிக்கு மட்டும்தான் உண்டு. உங்க அப்பாவோட தொலைநோக்கு."

"எண் இல்லாம எப்படி எடுத்தீங்க மேடம்?"

"எண் உறுப்பினருக்குத்தான். இது சங்கத்தோட சொத்து."

பெட்டியின் மேல் ஒரு ரோஜா மாலை கிடந்தது. அப்பாவுடன் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு பெரியவர் படப்பையிலிருந்து பஸ் ஏறி வந்தாராம். தெருமுனையில் ஐஸ் பெட்டியைப் பார்த்ததும் மாலையைப் போட்டு, கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாராம். யாரும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. வெறும் மாலையாக இருந்தால் நன்றாக இல்லை என்று மேடம் தலைமாட்டில் ஊதுவத்தி கொளுத்தியிருந்தார்.

"சார், என் தங்கச்சி காலைல வர்றா" என்றேன்.

"காலைல இதுவும் க்ளீன் ஆயிடும்னு திரையிலயே எழுத்துப்பூர்வமா வந்திருக்கு. ரெண்டும் ஒரே நேரத்துக்கு அமையுது. அப்ப எடுத்துக்கங்க" என்றார் அசரியா சார்.

தீனா என்னை ஓரமாக இழுத்தான். "ஒரு வார்த்த சொல்லு சார். அந்தக் கருமத்தத் தூக்கி ரோட்ல கடாசிட்டு பெட்டிய எடுத்துகினு போய்னே இருக்கலாம். இவங்க இன்னா பண்ணிடுவாங்க?"

நியாயமான யோசனை. நாலு பேர் தயாராக நின்றார்கள். நான் மூடியில் கை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கீதா இன்றைக்கும் கேட்கிறாள். சொல்லத் தெரியவில்லை. அப்படிக் கை வைத்துக்கொண்டு நின்றபோதே கீதாவின் போன் வந்தது.

"இனிமே வைக்க முடியாதுங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது. "எடுத்துடலாம்னு பெரியப்பா சொல்றாரு. வாங்க."

வெளிச்சம் இருக்கும்போதே எடுத்துவிட்டோம். சங்கத்தைத் தாண்டித்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். வண்டி அங்கே வந்ததும் நிர்வாகிகள் மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். பெட்டியைவிட்டு நகராமல் அங்கிருந்தே கும்பிட்டார்கள்.

கொள்ளி வைத்துவிட்டு ஈர வேட்டியோடு நின்றிருந்தபோது சுபத்ரா போன் செய்தாள். ஏர்போர்ட்டில் இருந்தாள்.

"அப்பாவைப் பெட்டியில வச்சிட்டீங்களாண்ணா?"

நான் எரிகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "பெட்டி நல்லா ஓடுதும்மா" என்றுதான் வந்தது.

"அவர் சண்டை போட்டு வாங்கின பெட்டியாச்சே" என்று அழுதாள். "போர்டிங் கூப்பிடறாங்க. வச்சிடறேன்."

காலையில், வீட்டுக்குள் வருவதற்கு முன்னாலேயே அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று தெருமுனையில் போய் நின்றேன். தெருமுனையில் சங்கம் இருக்கிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை. டாக்சி வந்தது. அவள் என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் வராந்தாவில் பெட்டியைப் பார்த்தாள். மாலை, ஊதுவத்தி, சுற்றிலும் கைகட்டி நின்ற மூன்று பெரியவர்கள். வண்டி நிற்பதற்குள் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். "சுபா, சுபா" என்று நான் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை. என்னைத் தாண்டி ஓடிப்போய்ப் பெட்டியின் மேல் விழுந்தாள்.

"அப்பா" என்று கத்தினாள். "வந்துட்டேன்ப்பா."

குளிரில் கண்ணாடி முழுக்கப் பனி பூத்திருந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. முகம் இருக்கிற பக்கம் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதாள். தீனா தலையைத் திருப்பிக்கொண்டான். அபிதகுஜாம்பாள் மேடம் என் காதருகே வந்து, "கண்ணாடியில சாய வேண்டாம்னு சொல்லுப்பா, உள்ள சூடு ஏறும்" என்றார்.

சுபத்ரா எழுந்து துப்பட்டாவால் கண்ணாடியைத் துடைத்தாள். திரை பச்சையாக இருந்தது. நடுவில் ஒரு டிக் அடையாளம். அவளுக்குப் பின்னாலிருந்து அசரியா சார் எட்டிப் பார்த்து உரக்கப் படித்தார்.

"'கண்டறியப்பட்ட அனைத்தும் நீக்கப்பட்டன. நன்றி.' முடிஞ்சுது. நல்லபடியா முடிஞ்சுது." அவர் கண்கூடக் கலங்கியிருந்தது.

"கொஞ்சம் நகந்துக்கோம்மா" என்று மேடம் சுபத்ராவைத் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு மூடியைத் திறந்தார். மாலை சரிந்து தரையில் விழுந்தது. குனிந்து, அப்பாவின் பெயரை அடித்தார். வயதை என்னிடம் கேட்டார். சொன்னேன். திரையில் வந்த எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் அழகான கையெழுத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்.

"இந்தாப்பா, எண் வந்துடுச்சு. எல்லாம் முறைப்படி. இனிமே பெட்டி உங்களுது, தாராளமா எடுத்துட்டுப் போங்க."

வாங்கிக்கொண்டேன். சுபத்ரா திறந்த பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா எங்கண்ணா?"

என் கையில் வேறு எதுவும் இல்லை. அந்தக் காகிதத்தைத்தான் அவளிடம் நீட்டினேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.